எதிர்ப்பக்கம் இழுபட்ட வண்டி

போன பௌர்ணமியன்று அடி அண்ணாமலையில் என் அக்காவின் டீ வண்டி கவிழ்ந்தது. தண்ணீர் பிடிக்கப் போனவள் திரும்பி வருவதற்குள் நடந்துவிட்டது. பார்த்தவர்கள் நடந்துகொண்டே போய்விட்டார்கள். கிரிவலத்தில் யார் நிற்கிறார்கள்? "கூட்டம் தள்ளிவிட்டது, வண்டி இடைஞ்சல், இனி அங்கே அனுமதி இல்லை" என்று கிரிவலப் பாதையைக் கவனிக்கிற அலுவலகத்தில் முடித்துவிட்டார்கள். அவள் வீட்டில் உலை வைப்பதே அந்த வண்டியை நம்பித்தான்.

எனக்கு எதிலும் மூக்கை நுழைக்காவிட்டால் தூக்கம் வராது. மறுநாள் போய்த் தரையைப் பார்த்தேன். சக்கரம் இழுபட்ட தடம் செங்கம் ரோடு பக்கமாகப் போயிருந்தது. கிரிவலக் கூட்டமோ மலையை வலப்பக்கம் வைத்து, அதற்கு நேர் எதிராக நடப்பது. லட்சம் பேர் வந்தாலும் ஒருவர்கூடத் திரும்பி நடக்க மாட்டார். எதிரே வந்து இடித்தது எது? பௌர்ணமியில் அந்தப் பாதையில் அரசு வண்டிகளுக்கு மட்டும்தான் அனுமதி.

எதிரிலேயே கேமராக் கம்பம். தினமும் என்னைப் பார்க்கிற அது, அன்று எதைப் பார்த்தது என்று நான் பார்க்கக் கூடாதா? அதன் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் ஓர் ஆள் இல்லை.

"வேணாம்டி. கேள்வி கேக்கறவங்க மூஞ்சிய குறிச்சி வெச்சிப்பாங்க. வண்டி போட விட்டா போதும் எனக்கு," என்றாள் அக்கா. அடுத்த நாள் அவளையும் இழுத்துக்கொண்டுதான் அலுவலகம் போனேன்.

அதிகாரி தன்மையாகத்தான் பேசினார். "அந்த கேமரா பௌர்ணமிக்கு முன்னாடியே ரிப்பேர்மா. இன்னும் சரி பண்ணல."

சக்கரத் தடத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் முகம் மாறியது.

"நேத்து கம்பத்துக்கு கீழ அவ்ளோ நேரம் நின்னு என்னத்தம்மா பாத்தீங்க?"

எனக்குச் சிரிப்பு முட்டியது.

"ரிப்பேர்னா, நான் நின்னத எப்டி சார் பாத்தீங்க?"

அவர் மேசைமேல் இருந்த பேனாவை எடுத்து மூடினார். "சரி, அடுத்த பௌர்ணமிக்கு அதே எடத்துல வண்டி போட்டுக்கங்க. இத இத்தோட விடுங்க."

வந்த காரியம் முடிந்தது என்று நான் எழுந்துவிட்டேன். அக்கா எழவில்லை.

"அன்னிக்கி எதிர்ல வந்தது யார் வண்டி சார்?" என்று கேட்டாள்.