பண்டார் என்று ஒரு பெயர்

தாய் பிரசவத்திலேயே போய்விட்டதால், தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் ரொபியாதான். அப்பா, அசஹான் ஆற்றின் முகத்துவாரத்தில் துறைமுக அதிகாரிக்குப் படகோட்டியவர். அந்த அதிகாரியை ஊரில் ஷாபண்டார் என்பார்கள். பாரசீகக் கப்பல்காரர்கள் விட்டுப்போன சொல். துறைக்கே ராஜா என்று பொருள். மகனும் அப்படி ஆகட்டும் என்று அந்தச் சொல்லின் பின்பாதியைப் பெயராக வைத்தார். பண்டார் கடைசிவரை மீன்தான் பிடித்தான்.

வயதாகி அவன் கண்ணில் புரை விழுந்ததும் ரொபியா அவனை மேடான் நகரத்துக்கு அழைத்துப் போனாள். அறுவை முடிந்து உறவுக்காரர் வீட்டில் தங்கினார்கள். போதைத்தூளால் அந்தச் சந்தில் ஒரு பையன் செத்திருந்தான்; இளவட்டங்கள் தடியோடு முனையில் காவல் இருந்தார்கள். அங்கே பண்டார் என்றால் போதை விற்கிறவன். அது ரொபியாவுக்குத் தெரியாது.

காலையில் ரொட்டி வாங்கப் போன தம்பி கறுப்புக் கண்ணாடியை மறந்துவிட்டான். அவள் வாசலுக்கு ஓடிவந்து கத்தினாள்.

"டேய் பண்டார்! நில்லுடா, பண்டார்!"

முனையில் நின்ற இரவான் நிமிர்ந்தான். "கேட்டீங்களாடா? பண்டாராம்! புடிங்கடா அவன!"

வெயிலில் கண் கூசிப் பண்டார் முகத்தைப் பொத்தினான். மூஞ்சியை மறைக்கிறான் என்று முதல் அடி விழுந்தது.

"ஐயோ, அது அவன் பேருப்பா! பேரு!"

"நீயே காட்டிக் குடுத்துட்டு இப்ப மாத்திப் பேசுறியா, கிழவி?"

தம்பிமேல் விழுந்தவளைக் காலைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள். போலீஸ் வந்தபோது அவனுக்கு உயிர் இல்லை. அடையாள அட்டையைப் படித்த போலீஸ்காரர் உச்சுக்கொட்டினார்.

"இந்தப் பேர நடுத்தெருவுல யாராச்சும் கூவுவாங்களாம்மா?"

வழக்கு என்று எதுவும் நடக்கவில்லை. இரவானுக்குச் சந்தில் மாலை போட்டார்கள்.

அவள் உடலோடு ஊர் சேர்வதற்குள் கைப்பேசிகளில், யாரோ படம்பிடித்த அந்தக் காட்சி வந்துவிட்டது. 'பண்டார் பிடிபட்டான்' என்று அதன் கீழே எழுதியிருந்தது. பிறந்த நாளிலிருந்து அவனை அப்படிக் கூப்பிட்ட ஊர்தான். ஆனாலும் பாடை தூக்க ஆள் தேட வேண்டியிருந்தது.

பக்கத்து வீட்டுக்காரி கூரையை அண்ணாந்து பார்த்தாள். "புதுத் தகரம் போட்டப்பவே நெனச்சேன்க்கா. மீன் புடிச்சா இதெல்லாம் வருமா?"

"நான் எறா காயவெச்சு வித்து சேத்ததுடி அது!"

"சரிக்கா, சரி. யாரு இல்லேன்னா?"

அதற்குப் பிறகு ரொபியாவிடம் கருவாடு வாங்க ஒருத்தரும் வரவில்லை.