கல்லின் மேல்முகத்துக் கோடு

பிரின் மலையில் ஏரிகளையும் கணவாய்களையும் சுற்றிவரும் நடைபாதையில், கல்லுக்குக் கல் வெள்ளை, சிவப்பு, வெள்ளை என்று கோடு போடுவது பென்கோ மாமாவின் வேலை. கூடாரமும் ரொட்டியும் முதுகில், பெயின்ட் டப்பாக்கள் இடுப்பில். சிரித்தால் அபராதம் என்று யாரோ சொல்லிவைத்த மாதிரி ஒரு முகம். ஊரில் யாருக்கும் அவர்மேல் நம்பிக்கை கிடையாது.

இந்தக் கோடையில் என் அம்மாவுக்குச் சுத்தமாக இல்லை. ஏரிக்கரையில் நாங்கள் நடத்தும் விடுதியிலிருந்து கிளம்புகிறவர்கள் ஒழுங்காகக் கணவாய் ஏறிப் போனார்கள். அந்தப் பக்கமிருந்து வருகிறவர்கள்தான் கணவாய் உச்சியில் குழம்பி, ஆட்டுத்தடத்தைப் பிடித்து கத்சோவின் விடுதிக்கு இறங்கிவிட்டார்கள். இப்படியே போனால் மலையேறுவோர் சங்கம் பனிக்காலத்துக்குள் எங்கள் குத்தகையைப் பறித்துவிடும்.

"கத்சோ இவனுக்கு நல்லா ஊத்திவிட்டிருக்கான்டி. ரெண்டாம் பூச்சுக்கு வந்திருக்கான்ல, கூடவே போய்ப் பாரு," என்றாள் அம்மா.

"உளவு பாக்க எனக்கு என்ன தருவ?"

"உதை வேணுமா?"

டப்பா தூக்க வருகிறேன் என்று ஒட்டிக்கொண்டேன். வழியில் அவர் பையில் ஒரு கல்லைப் போட்டேன். பத்தடி போவதற்குள் அது என் பையில் இருந்தது.

ஏறும்போது கல்லின் ஒரு முகம், இறங்கும்போது மறுமுகம். இதுதான் முறை. ஏறும்போது குற்றம் சொல்ல எதுவுமில்லை. வந்த வழியே திரும்பி இறங்கும்முன் கணவாயில் நின்று, "நீ முன்னால போ குட்டி," என்றார்.

"எதுக்கு?"

"சும்மாதான். போயேன்."

அவ்வளவுதான், மாட்டினார் என்று பாறைக்குப் பின்னால் பதுங்கினேன். அவர் பள்ளத்துக்கு முதுகைக் காட்டி, ஏணியில் இறங்குவது போல, பின்பக்கமாகவே இறங்கினார். கல் வந்ததும் நின்று, காலையில் போட்ட கோட்டின் மேலேயே மறுபடி பூசினார்.

"மாமா, அந்தக் கல்லுக்குக் குளிருதா? ரெண்டு சட்டை போடுறீங்க?"

அவர் தூரிகையைப் பார்த்தார். கல்லைச் சுற்றி வந்து மேல்முகத்தைப் பார்த்தார். வெறும் பாசி. கணவாயிலிருந்து இறங்குகிறவன் கண்ணில் படுவது அந்த முகம்தான்.

அப்படியே உட்கார்ந்துவிட்டார். "முட்டி, குட்டி. நேரா இறங்கினா மடங்கிடுது. பின்னாலயே வந்ததுல... ச்சே. மொத ரவுண்டும் இப்படித்தான் வந்தேன்."

"கத்சோ ஊத்திவிட்டான்னு அம்மா நினைக்குது."

"அவன் சரக்கா? கல்லுல ஊத்தினா பெயின்ட்டே உரிஞ்சிடும்." கொஞ்ச நேரம் முட்டியைத் தேய்த்தார். "நினைச்சிட்டுப் போகட்டும். முட்டின்னு மட்டும் சொல்லிடாத. சங்கத்துக்குத் தெரிஞ்சா வேற ஆளைப் போட்டுருவாங்க."

தூரிகையை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டேன். நான் முன்னால் பார்த்து இறங்கி மேல்முகங்களில் பூச, அவர் பின்பக்கமாக வந்துகொண்டே, "இது கோடா, மண்புழுவா?" என்று திட்டினார்.

மறுநாள் மாலை கணவாய்ப் பக்கமிருந்து ஒரு கூட்டம் மூட்டை முடிச்சோடு வந்திறங்கியது. அம்மா அடுப்பில் இன்னொரு பானை பீன்ஸ் சூப்பை ஏற்றிவிட்டு என்னை முறைத்தாள்.

"கோடெல்லாம் கோணல்மாணலா இருக்காம், வந்தவங்க சொல்லிச் சிரிக்கிறாங்க. தண்ணி போட்டுட்டுத்தானே போட்டான் அவன்?"

"ஆமாம்மா," என்றேன். "ஒரே தள்ளாட்டம்."

"அதான பாத்தேன். தொலையட்டும், ஆளு வருதுல்ல," என்று கிண்ணங்களை அடுக்கினாள்.