பரிசு வாங்கிய வீக்கம்

1. தராசில் ஏறியவன்

கோபம் தணிந்த பிறகு எழுதலாம் என்று இத்தனை வருஷம் தள்ளிப் போட்டேன். தணிகிற வழியாக இல்லை. அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன். புதிதாக வேலைக்கு வரும் நர்ஸ் பெண்கள் படித்தால் போதும்.

பிரெஞ்சுக் கொடி இறங்கி மூன்று வருஷம் ஆகியிருந்தது. நான் புதுச்சேரியில் தாய் சேய் நல நிலையத்தில் நர்ஸ். குருசுக்குப்பம் என் பொறுப்பு. அந்த வருஷம் ஆரோக்கியக் குழந்தைப் போட்டி வைத்தார்கள். ஆரோக்கியம் என்றால் எடை. யார் எடை கூடுதலோ அவனுக்கு முதல் பரிசு. இந்த விதியை எழுதியவர் குழந்தையையும் பூசணிக்காயையும் ஒரே மாதிரி பார்ப்பவராக இருந்திருக்க வேண்டும்.

இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களில் ராசவேலுதான் முதல். பத்தரைக் கிலோ. அவன் அம்மா அஞ்சலாட்சி குருசுக்குப்பத்தில் மீன் கூடை சுமப்பவள். "யாரு கண்ணும் பட்டுடக் கூடாது நர்ஸம்மா" என்று அவன் கன்னத்தில் ஒரு ரூபாய் அகலத்துக்குப் பொட்டு வைத்துக் கொண்டு வந்திருந்தாள். வட்டமான கன்னம், உருண்டை உருண்டையாய்க் கால்கள். பார்த்தவர்கள் எல்லாரும் கிள்ளிக் கொஞ்சினார்கள்.

தராசில் இருந்து தூக்கும்போது என் கட்டைவிரல் அவன் பாதத்தில் அழுந்தியது. விரலை எடுத்தேன். குழி அப்படியே இருந்தது. தலையைத் தடவினேன். செம்பட்டை பாய்ந்த முடி நாலைந்து என் கையோடு வந்தது. அவ்வளவு கூட்டத்தில் அவன் ஒரு தடவை கூடச் சிரிக்கவில்லை, சிணுங்கிக்கொண்டே இருந்தான். அது சதை இல்லை, நீர். சத்தில்லாமல் வீங்கிய உடம்பு.

எங்கள் மேற்பார்வையாளர் பிரெஞ்சுக்காரர் காலத்து ஆள். கல்யாணமாகாத நர்ஸ்களை மத்மசேல் என்றுதான் கூப்பிடுவார். ஓடிப்போய்ச் சொன்னேன்.

"பரிசு குடுக்குற மதாம் வந்து உக்காந்தாச்சு. இப்ப வந்து நோவுன்னு சொல்றியா மத்மசேல்? எடை எவ்ளோ காட்டுது?"

"பத்தரை, சார். ஆனா..."

"அத்த மட்டும் எழுது."

எழுதினேன். இன்றைக்கும் அந்தக் கையை நினைத்தால் எனக்கு எரிகிறது. போட்டோ பிடித்தார்கள். முதல் பரிசு என்ன தெரியுமா? ஒரு பெரிய டின் பிஸ்கட்.

2. படத்தில் இல்லாத மீன்

மறுநாள் காலையிலேயே குப்பத்துக்குப் போனேன். கடற்கரையில் நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது. அஞ்சலாட்சி வெந்நீரில் பரிசு பிஸ்கட்டைக் கரைத்து மகனுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"வேற இன்னா குடுக்குறே?"

"ரொட்டி, பிஸ்கோத்து. வேற ஒண்ணும் குடுக்கறதில்ல. நீங்க சொன்ன மாரிதான்."

நான் சொன்ன மாதிரி. எங்கள் நிலையத்துச் சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தோம். எங்கிருந்தோ அச்சடித்து வந்த படம். ரோஜா நிறத்தில், தட்டின் முன் உட்கார்ந்து சாப்பிடும் ஒரு கொழுகொழு குழந்தை. சுற்றிலும் பால், வெண்ணெய், ஆப்பிள், ரொட்டி, பிஸ்கட். வரைந்தவன் கடலையே பார்க்காதவன். ஒரு மீன் இல்லை. கேழ்வரகு இல்லை, பயறு இல்லை. எட்டு மாதம் முன்பு அஞ்சலாட்சி அந்தப் படத்தின் முன் நின்று, "இதுல மீனு இல்லியே நர்ஸம்மா, குடுக்கலாமா?" என்று கேட்டாள். அடுத்த குழந்தை அழுதுகொண்டிருந்தது, எனக்கு அவசரம். "படத்துல இல்லாததக் கொழந்தைக்குக் குடுக்காத" என்றேன்.

பாலும் ஆப்பிளும் அவளால் ஆகாது. படத்தில் அவள் கைக்கு எட்டியது ரொட்டியும் பிஸ்கட்டும்தான். தாய்ப்பாலையும் நிறுத்தியிருந்தாள், படத்துக் குழந்தை தட்டில் சாப்பிட்டதால். பக்கத்து வீட்டுக் குழந்தைகள் கூழும் நெத்திலியும் தின்று ஒல்லியாக ஓடிக்கொண்டிருந்தன. அதுகளைப் பார்த்து, "கருவாடு மாரி இருக்குதுங்க" என்று அவள் கேலி வேறு செய்வாள்.

அந்தக் கருவாடுகளில் ஒன்றைப் பிடித்து அதன் காலை அழுத்திக் காட்டினேன். குழி விழவில்லை. பிறகு ராசவேலுவின் காலை அழுத்தினேன். அவள் குழியையே பார்த்தாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாள்.

3. இளைத்தான்

வார்டில் பால் பவுடர், முட்டை, பயற்றங்கஞ்சி கொடுத்தார்கள். பத்து நாளில் வீக்கம் வடிந்தது. வடிந்தபின் தெரிந்தது உள்ளே இருந்த பிள்ளை. விலா எலும்பை எண்ணலாம். எட்டே கால் கிலோ. நீர் வடிந்தால் எடை இறங்கும் என்று அவளிடம் முன்கூட்டியே சொல்ல எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. குப்பத்துப் பெண்கள் பார்க்க வந்தார்கள். "பரிசு வாங்கன புள்ளய உருக்கிட்டாங்களே" என்று வாயில் அடித்துக்கொண்டார்கள். அன்று மத்தியானமே அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். திரும்பவும் பிஸ்கட்டுக்குப் போனால் பிள்ளை பிழைக்காது.

சாயங்காலம் போனேன். வாசலிலேயே மறித்தாள்.

"இன்னாத்துக்கு வந்தே? பத்தரைக் கிலோ புள்ளயக் குடுத்தேன். எலும்பக் குடுத்தீங்க."

"அஞ்சலாட்சி, அது சதையில்ல, நீரு. சத்து இல்லாம வந்த வீக்கம். மீன நிறுத்தச் சொன்னது நான். தப்பு என்னோடது."

அவள் ஓரமாக இருந்த மீன் கூடையைக் காட்டினாள்.

"ஊருக்கெல்லாம் மீன் வித்தேன். நீ சொன்னேன்னு எம்புள்ளைக்கு ஒரு துண்டு குடுக்கல. கூடையப் பாத்துக் கை நீட்டுவான். கையத் தட்டி விடுவேன். தெரியுமா உனக்கு?"

அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் உள்ளே போய், சுட்ட காரப்பொடி என்ற சின்ன மீனில் முள் எடுத்து, கூழில் பிசைந்து கொண்டு வந்தாள். முதல் வாயை அவன் துப்பினான். மூன்றாவது வாயை விழுங்கினான். அதுவரை நான் அங்கேயே நின்றேன்.

4. அடுத்த போட்டி

அடுத்த வருஷமும் போட்டி நடந்தது, அதே தராசு, அதே விதி. ராசவேலுவின் பரிசுப் போட்டோ கண்ணாடி போட்டு அந்தப் படத்துக்குப் பக்கத்தில் தொங்கியது. அந்தப் போட்டோ எடுத்தபோது அவன் நோயாளி என்று மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். "பரிசு வாங்கன புள்ளைக்கு நோவுன்னு மேல எப்பிடி எழுதறது?" என்றார் மேற்பார்வையாளர். போட்டோ இறங்கவில்லை.

போட்டியன்று அஞ்சலாட்சி வந்தாள். ராசவேலு ஒல்லியாக, ஓரிடத்தில் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தான். தராசுக்குப் போகாமல் நேராகச் சுவரிடம் போய் போட்டோவைக் கழற்றி மேற்பார்வையாளர் மேஜையில் வைத்தாள்.

"இது எம்புள்ள இல்ல சார். இது நீங்க பண்ண புள்ள. எம்புள்ள அங்க ஓடுது பாருங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் எழுந்து போய் அந்த ரோஜா நிறக் குழந்தையையும் கழற்றி அதன் மேல் வைத்தேன். மெமோ கொடுத்தார், வாங்கிக்கொண்டேன்.

நான் கற்றது இவ்வளவுதான். தராசைப் பார்க்கும் முன் காலை அழுத்திப் பாருங்கள். என்ன கொடு என்று சொல்லும் முன், உன் வீட்டில் இன்று என்ன சமைத்தாய் என்று கேளுங்கள். கேட்க எனக்கு அன்று அரை நிமிஷம் ஆகியிருக்கும். அந்த அரை நிமிஷத்தை நான் கொடுக்காததால், மீன் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு பிள்ளை எட்டு மாதம் மீனுக்குக் கை நீட்டி அடி வாங்கினான்.