ஒரு சதவீதத் தள்ளுபடி

வருமான வரி ஆபீசிலிருந்து போனுக்கு ஏதாவது செய்தி வந்தால் அன்றைக்கு எனக்கு வேலை ஓடாது. ஒருமுறை அப்படி வந்ததைப் பார்த்துவிட்டு, வேலைக்கு லீவு சொல்லிப் போர்வையை இழுத்து மூடிப் படுத்துக்கொண்டேன். மாலையில் மனைவி அதை வாங்கிப் படித்தாள். கணக்குத் தாக்கல் செய்ததற்கு நன்றி என்று எழுதியிருந்தது. இத்தனைக்கும் விழுப்புரம் திண்டிவனம் பஸ்ஸில், ஐம்பது அறுபது பேரைக் கேலி பேசியே அடக்குகிற கண்டக்டர் நான்.

அவளுக்குத் திண்டிவனத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை. விழுப்புரத்து வாடகை வீட்டிலிருந்து தினமும் போய் வந்தாள். அதனால் திண்டிவனத்திலேயே, ரயில்வே லைனைத் தாண்டி, இரண்டு அறை வீடு ஒன்றை ஒன்பதரை லட்சத்துக்குப் பேசி முடித்தோம். அட்வான்ஸ் கொடுத்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. முத்திரைத்தாள் செலவு, பதிவுக் கட்டணம், வங்கி வட்டி எல்லாவற்றையும் எழுதிக் கூட்டுவேன். ஒவ்வொரு முறையும் வேறு தொகை வரும். தலை சுற்றுகிறது என்று தரையில் உட்கார்ந்துவிடுவேன். அவள் மோர் கலக்கிக் கொண்டுவந்து தருவாள்.

பத்திரத்தில் இரண்டு பேர் பெயரும் இருக்க வேண்டும் என்பதுதான் அவள் கேட்ட ஒரே விஷயம். அப்படித்தான் எழுதக் கொடுத்திருந்தோம். பதிவு நாளன்று காலை, பத்திரம் எழுதுபவர் பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார். பத்து லட்சத்துக்குள் இருக்கிற சொத்தைப் பெண் பேரில் மட்டும் பதிந்தால் கட்டணத்தில் ஒரு சதவீதம் தள்ளுபடியாம். ஒன்பதாயிரத்து ஐந்நூறு! உடனே மாற்றி அடிக்கச் சொன்னேன்.

"உங்க பேரும் இருக்கட்டுங்க," என்றாள். "நாளைக்கு ஒண்ணுன்னா நீங்கதான் ஆபீஸ் ஆபீஸா அலஞ்சிக்கினு நிப்பீங்க."

"நாளைக்கு இன்னா ஆவப்போவுது? நீ என்னை வெளிய துரத்துவே, அவ்ளோதானே? முன்ரூமை எனக்கு வாடகைக்கு வுட்டுடு."

பத்திரம் எழுதுபவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. சரி, உங்கள் இஷ்டம் என்று சொல்லிவிட்டு விரல் ரேகை வைக்கப் போனாள்.

கடன் என் சம்பளத்தின் பேரில். வீடு அவள் பேரில். வீட்டில் எனக்குப் பங்கு இல்லாததால் நான் கட்டுகிற வட்டிக்கு வரிக் கழிவு கிடையாது என்று பிற்பாடு ஆடிட்டர் சொன்னார். சில வருடங்களிலேயே மிச்சம் பிடித்ததைவிட அதிகமாக இழப்பேனாம். இதையும் பஸ்ஸில் சொல்லிச் சிரிக்க வைத்தேன்.

பால் காய்ச்சிய மறுமாதம் அவளைப் புதுச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். மார்பில் கட்டி. எத்தனை நாளாக இருக்கிறது என்று டாக்டர் கேட்டார். அவள் ஒரு தடவை என்னைப் பார்த்துவிட்டு, அட்வான்ஸ் கொடுத்த மாதத்தைச் சொன்னாள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"பதிவுக் கட்டணத்துக்கே தரையில உக்காந்துக்கினு இருந்தீங்க. இத்த சொன்னா இன்னா ஆவீங்க? பதிவு முடியட்டும்னு இருந்தேன்."

கோபமாகச் சொல்லவில்லை. பஸ் ஏன் லேட் என்று கேட்டவருக்குப் பதில் சொல்கிற மாதிரி சொன்னாள். டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை எடுத்துக்கொண்டு பணம் கட்டப் போனேன்.

அந்த வீட்டில் ஏழு மாதம் இருந்தாள்.

பிறகு வாரிசுச் சான்றிதழுக்கு அலைந்தேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பட்டியலில் ஒரே பெயர், என்னுடையது. மூன்றாவது ஆபீசில் இருந்த குமாஸ்தா பத்திரத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "கூட்டா வாங்கியிருந்தா இவ்ளோ பேஜார் இல்லியே சார். உங்க பேரை ஏன் சேக்கல?" என்றார்.

"ஒரு பர்சன்ட் தள்ளுபடி குடுத்தாங்க சார்," என்றேன்.

அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பஸ்ஸில் பேசுகிற அதே குரலில்தான் சொல்லியிருக்கிறேன் போல.

வெளியே வந்தபோது தலை சுற்றியது. படிக்கட்டில் உட்கார்ந்தேன். மோர் வருகிறதா என்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நானே எழுந்துகொண்டேன்.