போர்வையின் பின்பக்கம்

என் மடியில் ஒரு தொட்டில் போர்வை கிடக்கிறது. இதைப் பற்றி எழுதத் தொடங்குமுன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் கண்ணால் கண்டதையும், என் தாயும் சின்னம்மாவும் தம் வாயால் சொல்லக் கேட்டதையும், இந்தத் துணி இன்றும் காட்டுவதையும் மட்டுமே எழுதுவேன். ஊகத்துக்கு இங்கே இடமில்லை. நடந்ததை அழகாக மாற்றிச் சொல்லப் பழகியவர்களைப் பற்றி எழுதும்போது நானும் ஒரு சொல்லை மிகையாக வைத்தால், அவர்களுக்கும் எனக்கும் வேறுபாடு இல்லாமற் போகும்.

எழுதத் தூண்டியது ஒரு வேண்டுகோள். காரைக்காலின் பழைய தையல் சங்கமொன்று கண்காட்சி வைக்கவிருக்கிறது. இப்போதைய செயலாளர் வீட்டுக்கு வந்து, இந்தப் போர்வையைக் கண்ணாடிப் பேழையில் வைக்க இரவல் கேட்டார். மேலே ‘பல கைகள், ஒரே போர்வை’ என்று எழுதிவைப்பார்களாம். அந்தச் சொற்களைக் கேட்டபோது எனக்கு ஏறிய சினம் இன்னும் இறங்கவில்லை.

எழுபதுகளில் அச்சங்கம், எல்லோரும் தலைவியம்மா என்று அழைத்த ஒருவரின் வீட்டுக் கூடத்தில் கூடியது. அவருடைய கணவருக்குப் பிரெஞ்சுப் பென்ஷன் வந்துகொண்டிருந்தது, கூடமும் பெரியது. காரைக்காலிலிருந்தும் நெரவியிலிருந்தும் வரிச்சிக்குடியிலிருந்தும் பெண்கள் வருவார்கள். அவரவர் வீட்டில் செய்த பூவேலைத் துணிகளையும் பழம்புடவைப் போர்வைகளையும் பாயில் பரப்புவார்கள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. எந்தத் துணியையும் முதலில் கவிழ்த்துத்தான் விரிக்க வேண்டும். தைத்தவள் வாய் திறக்கக் கூடாது. ஒருத்தி, “யாரு கை இது?” என்று கேட்பாள். மற்றவர்கள் பின்பக்கத்துத் தையலைப் பார்த்தே பெயரைச் சொல்ல வேண்டும். நெரவியிலிருந்து வரும் மூத்தவரின் முடிச்சு மிளகைப் போலப் பருத்திருக்கும். என் தாய் நூலை முடிக்கும் இடத்தில் இருமுறை பின்னோக்கித் தைப்பார். சிறுமியாயிருந்தபோதே நான் இவற்றையெல்லாம் அடையாளம் காண்பேன்.

எல்லோரிலும் முதலில் அறியப்படும் கை என் சின்னம்மாவுடையது. தாயின் தங்கை, வரிச்சிக்குடியில் உழவுக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். அவருக்கு இடக்கைப் பழக்கம். ஓரம் மடித்துத் தைக்கும்போது மற்றவர்களுடைய தையல்கள் ஒரு பக்கம் சாய்ந்தால், அவருடையவை எதிர்ப்பக்கம் சாயும். துணி கவிழ்ந்ததுமே யாராவது தொடங்கிவிடுவார்கள்.

“சாரல் எதிர்த்தாப்புல அடிக்குதே, வரிச்சிக்குடிக்காரி வந்தாச்சா?”

சின்னம்மா சும்மா இருக்கமாட்டார். “அரசலாறு நேரா ஓடுது, நண்டு பக்கவாட்டுல ஓடுது. ரெண்டும் கடலுக்குத்தான் போவுது. உங்களுக்கு என்னாங்க வந்துச்சு?” என்பார். கூடம் சிரிக்கும். தம்மை முதலில் கண்டுபிடித்துவிடுகிறார்கள் என்பதில் அவருக்குப் பெருமை இருந்தது. அதை அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார்: “பேரே போட வேணாம் பாத்துக்க. தையலே என் பேரு.”

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்கு முதற்பேறு. தாய்வீட்டுக்கு வந்திருந்தேன். உறுப்பினர் வீட்டு முதற்குழந்தைக்குச் சங்கத்தார் எல்லோரும் சேர்ந்து தொட்டில் போர்வை தைப்பது முறை. அடியில் நைந்த வேட்டி. அதன்மேல் ஒவ்வொருத்தியும் தன் பழம்புடவையில் ஒரு சதுரம் வெட்டி, ஓரம் மடித்து, தன் கையாலேயே தைக்க வேண்டும். சின்னம்மா தம் சிவப்புக் கட்டம் போட்ட புடவையில் வெட்டினார். நடுச்சதுரம் தமக்குத்தான் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். என்னைத் தூக்கி வளர்த்தவர். என் பிள்ளையின் மேல் தம் கை படவேண்டும் என்று சொன்னார். அவர் அதைத் தைத்து முடித்ததை நானே பார்த்தேன். தையல்கள் எதிர்ப்பக்கம்தான் சாய்ந்திருந்தன.

மகளைத் தொட்டிலில் இடும் நாளில் சங்கத்தார் வந்தார்கள். போர்வையைத் தட்டில் வைத்து எடுத்துவந்தார்கள். வழக்கப்படி சின்னம்மாவே அதைக் கவிழ்த்துப் பாயில் விரித்தார். ஒவ்வொரு சதுரமாக விரல் வைத்து, “இது நெரவியக்கா, முடிச்சப் பாரு. இது எங்கக்கா” என்று சொல்லிக்கொண்டே வந்தவரின் விரல் நடுச்சதுரத்தில் நின்றது. ஓரத்தைச் சுற்றித் தடவினார். மறுபடியும் தடவினார். அந்தத் தையல்கள் அனைத்தும் மற்றவர்களுடையவை போலவே சாய்ந்திருந்தன.

“யாரு கை இது?” என்று கேட்டார்.

எப்போதும் கேட்கப்படும் கேள்விதான். தலைவியம்மா சிரித்த முகத்துடன், “ஒங்க புடவைதாங்க. செவப்புக் கட்டம், மறந்துட்டீங்களா?” என்றார்.

“புடவை என்னுதுதாங்க. நான் கையக் கேக்கறேன்.”

“காப்பி ஆறுது, எல்லாரும் எடுத்துக்குங்க,” என்றது ஒரு குரல்.

நான் படுக்கையிலிருந்து, “சின்னம்மா கேக்கறாங்கல்ல, சொல்லுங்களேன்,” என்றேன். என் தாய் என் பக்கம் திரும்பி, “பெத்த ஒடம்பு. நீ பேசாமப் படு,” என்றார்.

சின்னம்மா போர்வையைத் திருப்பித் தொட்டிலில் விரித்தார். பிறகு எழுந்து நின்று, “சரி, புள்ளையக் குடுக்கா, போடறேன். தூக்கறதுக்கு எந்தக் கைன்னு மட்டும் சொல்லிடுங்க,” என்றார். அவர் இரு கைகளாலும் குழந்தையை வாங்கித் தொட்டிலில் இட்டார். அன்றோடு சங்கத்துக்குப் போவதை நிறுத்திவிட்டார். எங்கள் வீட்டுக்கு வருவார், என் மகளைக் கொஞ்சுவார்; என் கண்முன் மறுபடி ஊசியைத் தொட்டதில்லை.

பல ஆண்டுகள் கழித்து, நான் விடாமல் கேட்டதால் என் தாய் ஒருமுறை சொன்னார். போர்வை முடிந்த பின் தலைவியம்மா அவரைத் தனியே அழைத்து, “மொதப் புள்ள. பீச்சாங்கை தச்சத மேல படவிடலாமா? நீங்களே யோசிங்க,” என்றாராம். சின்னம்மாவின் தையலைப் பிரித்து வேறு கையால் தைப்பதை என் தாய் மறுக்கவில்லை. “அவ துணிய மட்டும் எடுத்துடாதீங்க. தெரிஞ்சா வருத்தப்படுவா,” என்று கேட்டுக்கொண்டாராம். அதைத் தாம் தங்கைக்குச் செய்த நன்மையாகவே கடைசிவரை நினைத்திருந்தார். துணி இருந்தால் போதும், அவள் அறியமாட்டாள் என்று எண்ணியிருக்கிறார்கள், ஆண்டுக்கணக்காகப் பின்பக்கத்தைப் பார்த்தே ஒருவரையொருவர் அறிந்த பெண்கள்.

இதை என்னால் மன்னிக்க முடியவில்லை. துணி வேண்டும், கை வேண்டாம் என்று முடிவுசெய்தவர்கள் அதே கை போட்ட ஊறுகாயைக் கேட்டு வாங்கித் தின்றவர்கள். அந்தக் கை நட்ட நாற்றின் அரிசி வரிச்சிக்குடியிலிருந்து தலைவியம்மா வீட்டுக்கு மூட்டையாகப் போனது. அதை யாரும் கவிழ்த்துப் பார்த்து, எந்தக் கை நட்டது என்று கேட்கவில்லை. கூடத்தில் அவரைக் கிண்டல் செய்து சிரித்தவர்களை நான் வெறுக்கவில்லை. அந்தச் சிரிப்பில் அவருக்கும் பங்கு இருந்தது. தட்டில் போர்வையை ஏந்தி, ஒன்றும் நடவாதது போல் அவர் முன்னாலேயே வைத்த அந்த மரியாதையைத்தான் வெறுக்கிறேன். என் தாயின் மௌனத்தையும் சேர்த்தே சொல்கிறேன். தாய் என்பதற்காக அதை வேறு பெயரிட்டு அழைக்க எனக்கு விருப்பமில்லை.

செயலாளரிடம் நான் ஒரு நிபந்தனை வைத்தேன். போர்வையைத் தருகிறேன், பேழையில் கவிழ்த்து வைக்க வேண்டும்.

“பின்பக்கத்தையா? யாருங்க பாப்பாங்க?” என்றார். அந்த வழக்கம் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. மற்றவர்களைக் கேட்டுச் சொல்வதாகப் போனார். இன்றுவரை சொல்லவில்லை.

இப்போது மடியில் அதைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். நடுச்சதுரத்தின் ஒரு மூலையில், பிரித்தவர் கண்ணுக்குத் தப்பிய சில தையல்கள் எதிர்ப்பக்கம் சாய்ந்து நிற்கின்றன. மற்றச் சதுரங்களின் கைகளையெல்லாம் என்னால் இன்றும் பெயர் சொல்ல முடியும். இந்தச் சதுரத்தைச் சுற்றியுள்ள மற்றத் தையல்களில் பருத்த முடிச்சு இல்லை. நூல் முடிந்த இடம் தெரியாதபடி மடிப்புக்குள் மறைக்கப்பட்டிருக்கிறது. பிரித்துத் தைத்தது யார் கை என்பது எனக்குத் தெரியாது. அது என் தாயின் கையா என்பதும் தெரியாது. விரல் வைத்துத் தடவிய அந்தக் கணத்தில் சின்னம்மாவுக்கு அது யார் கை என்று தெரிந்துவிட்டதா என்பதும் தெரியாது.