முழங்கையில் ஜட்டி எலாஸ்டிக்

பேருந்துப் பணிமனைக்கு எதிரே, மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கிக் கிடந்த அறையில் அவள் ஆல்டரேஷன் கடை வைத்திருந்தாள். புதுத்துணி தைப்பதில்லை. பேண்ட் இடுப்பைப் பிரித்துவிடுவது, சட்டைக் கையைக் குட்டையாக்குவது, ஜிப் மாற்றுவது, அவ்வளவுதான் வேலை. கொஞ்சம் உயரமானவர்கள் உள்ளே நுழைந்தால் படியின் அடிவயிற்றில் நெற்றி இடிக்கும். அதற்காக அவள் யாருக்கும் இரக்கப்பட்டதில்லை. "குனிஞ்சு வாங்கன்னு எழுதிப் போட்டிருக்கேனே, படிக்கிற பழக்கமே இல்லையா?" என்பாள்.

அப்படி ஒரு வாய். அதனால்தான் பணிமனை ஆட்கள் அவளுக்குக் கத்திரி அக்கா என்று பெயர் வைத்தார்கள். அவசரமாகக் கூப்பிட்டால் அது கத்திரிக்கா என்று விழும். கூப்பிடுகிறவனுக்குச் சிரிப்பு வரும், அவளுக்கு வராது.

பொய் மட்டும் அவளுக்கு வரவே வராது. அதை நல்ல குணம் என்று சொல்லிவிட முடியாது. பொய் சொன்னால் யாரிடம் என்ன சொன்னோம் என்று நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், அதற்குச் சோம்பல். இடுப்பளவு முப்பத்திரண்டு என்று சொன்ன டிக்கெட் பரிசோதகரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அது உங்க கல்யாணத்தப்போ. இப்ப உள்ளதைச் சொல்லவா, மனசு தாங்குமா?" என்று கேட்டவள் அவள். "இந்த பேண்ட் எனக்கு எடுப்பா இருக்கா?" என்று கண்ணாடி முன் திரும்பித் திரும்பிப் பார்த்த வங்கிக்காரரிடம், "பேண்ட் நல்லாத்தான் இருக்கு" என்றாள். இவ்வளவுக்கும் கடையில் கூட்டம் குறையவில்லை. கத்திரி அக்கா சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால் அது சரியாக இருக்கும், அதில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

அவள் கணவர் எதிரில் இருந்த பணிமனையில் மெக்கானிக். கதவு நிலையை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு, ஆனால் கொசு கடித்தாலும் ஒரு வாரம் பேசுவார். உண்மையை அப்படியே விடுவது அவருக்குப் பச்சைக் காய்கறியைக் கழுவாமல் தின்பது மாதிரி. கொஞ்சம் மசாலா போட்டே ஆக வேண்டும். பணிமனையின் கயிறு இழுக்கும் அணியில் அவர்தான் கடைசி ஆள். கயிற்றின் நுனியை உடம்பில் சுற்றிக்கொண்டு நங்கூரம் மாதிரி நிற்க வேண்டிய இடம் அது.

வருடா வருடம் தபால் நிலையத்தாருடன் போட்டி நடக்கும். வருடா வருடம் பணிமனை தோற்கும். பேருந்தையே கழற்றி மாட்டுகிறவர்கள், தபால்தலை ஒட்டுகிறவர்களிடம் மண்ணில் விழுந்து புரண்டு எழுவது பார்க்க நன்றாகவா இருக்கும்? "யாருமே லெட்டர் எழுதுறதில்லையே, இவங்களுக்கு எங்கேருந்து இந்த பலம்?" என்று அணித் தலைவரான டயர் பிரிவு அண்ணன் ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் புலம்புவார்.

அந்த வருடம் போட்டிக்குச் சில வாரங்கள் இருக்கும்போது கணவருக்கு முழங்கை வலி வந்தது. வந்ததோ கைக்கு, அனுபவித்தது குடும்பமே. தண்ணீர் குவளையைத் தூக்கினால் முனகல், செருப்பு மாட்டினால் முனகல். மருத்துவர் பார்த்துவிட்டு எலும்பில் ஒன்றுமில்லை, சதைப் பிடிப்பு, தானாகப் போய்விடும் என்றார். தானாகப் போகிற வலியை இவர் போகவிட்டால்தானே?

ஒரு காலையில் கடை வாசலில் நின்றுகொண்டு, "இன்னைக்குப் பயிற்சிக்குப் போறதா வேண்டாமான்னு தெரியலை" என்று ஆரம்பித்தார். அவள் கையில் அவசர வேலை. ஜன்னலோரம் வெயிலில் கிடந்து இழுவை செத்துப்போன எலாஸ்டிக் சுருள் ஒன்று கண்ணில் பட்டது. ஆண்கள் ஜட்டி இடுப்புக்கு வருகிற பட்டை, சாம்பல் நிறம், நடுவில் கறுப்புக் கோடு. ஜட்டியில் வைத்துத் தைத்தால் ஜட்டி முழங்காலில் நிற்கும், அந்த லட்சணம். அதில் ஒரு துண்டை வெட்டி, வட்டமாகத் தைத்து, அவர் முழங்கையில் ஏற்றிவிட்டாள். வளையல் மாதிரி லொடலொடவென்று கிடந்தது.

"இதைப் போட்டுக்கோங்க. இனிமே வலிக்காது. போங்க."

அவர் போய்விட்டார். அவளும் மறந்துவிட்டாள்.

மாலையில் பணிமனை முற்றத்தில் பழுதான பேருந்து ஒன்றைக் கயிற்றால் கட்டி இழுத்துப் பழகுவது வழக்கம். அன்று கடைசி ஆள் முனகாமல் இழுத்ததை எல்லோரும் பார்த்தார்கள். கையில் என்ன என்று கேட்டார்கள். ஜட்டி எலாஸ்டிக் என்று சொல்ல எந்த ஆண்மகனுக்கு நாக்கு எழும்?

"இதுவா? வெளிநாட்டுச் சரக்கு. பெரிய பெரிய விளையாட்டு வீரருங்க போடுறது, என் சம்சாரம் கடைக்கு வந்திருக்கு. ரத்த ஓட்டத்தை அப்படியே முடுக்கிவிடும்" என்றார்.

அன்று வீட்டுக்கு வந்தவர் செருப்பைக் கழற்றாமலே அவள் பின்னால் சுற்றினார்.

"ஏம்மா, அதே மாதிரி இன்னும் ஏழு வேணும்."

"எதுக்கு?"

விஷயத்தைச் சொன்னார். அவள் கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எட்டு ஆம்பளைங்க ஜட்டிப் பட்டையைக் கையில மாட்டிக்கிட்டு ஊர் நடுவுல நிக்கப் போறீங்களா?"

"நீ வாயைத் திறக்காம இருந்தா அது ஜட்டிப் பட்டை இல்லை."

"என்னால முடியாது. யாராவது கேட்டா சொல்லிடுவேன்."

"போட்டி முடியுற வரைக்கும். அதுக்கப்புறம் எங்க அக்கா போன் பண்ணா நானே எடுக்கிறேன். எத்தனை மணி நேரம் பேசினாலும்."

நாத்தனார் போனை வைக்கவே மாட்டாள், சூடு தாங்காமல் காதைத்தான் மாற்றிப் பிடிக்க வேண்டும். அவள் கொஞ்சம் யோசித்தாள். சம்மதித்தாள்.

ஆறு பட்டைக்கு அந்தச் செத்த சுருள் தீர்ந்துபோனது. ஏழாவதற்கு, குழந்தைகளின் கவுனுக்கு வைத்திருந்த ரோஜா நிற எலாஸ்டிக்கைப் போட்டாள். அது புதுசு, சுண்டி இழுத்தால் விரலில் சுளீரென்று படும். எட்டுப் பேர் கையில் இருந்ததில் உருப்படியான எலாஸ்டிக் அது ஒன்றுதான். அணியில் இருந்த பணிமனை ஸ்டோர் கீப்பர் பங்குக்கு அது போனது.

மறுநாள் மாலை கடை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். முன்பெல்லாம் கொஞ்ச தூரம் நகர்ந்ததும் மூச்சு வாங்கி நிற்கிற பேருந்து, டீசல் பம்பைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. டயர் அண்ணன் கழுத்து நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டே இழுத்தார். இழுவை செத்த பட்டை அவர் முழங்கையிலிருந்து மணிக்கட்டுக்கு இறங்க, இழுப்பதை நிறுத்தாமலே பல்லால் கவ்வி மேலே ஏற்றினார். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாயில் ஊசி இருந்ததால் அடக்கிக்கொண்டாள்.

ஸ்டோர் கீப்பர் மட்டும் தனியாகக் கடைக்கு வந்தார். தலையை இடித்துக்கொண்டார்.

"அக்கா, என்னுது டூப்ளிகேட்டா? மத்தவங்களுக்கெல்லாம் கை ஜிவ்வுங்குது. எனக்குப் போட்டதுலேருந்து கை துவண்டு போகுது. நேத்து இருந்த பலம்கூட இல்லை."

"நேத்து எவ்வளவு இருந்துச்சு?"

"கிண்டல் பண்ணாதீங்க அக்கா. கலரைப் பாருங்க. வீட்ல என் பொண்ணு தலைக்குப் போட்டுக்கட்டுமான்னு கேக்குறா."

உண்மை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. நாத்தனார் நினைவு வந்ததும் திரும்பிப் போனது. பட்டையைக் கழற்றி வாங்கி, அதன் மேலேயே சாம்பல் நிறத் துணியைச் சுற்றித் தைத்து, கறுப்பு நூலில் ஒரு கோடு ஓட்டிக் கொடுத்தாள். ஒன்றும் பேசவில்லை. அன்று மாலை ஸ்டோர் கீப்பர் இழுத்த இழுப்பில் அவருக்கு முன்னால் நின்றவர் கால் மிதிபட்டுக் கெட்ட வார்த்தை பேசினார்.

அவள் தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதே எலாஸ்டிக், அதே கை, அதே மனுஷன். இந்தக் கூத்து அவளுக்குச் சிரிப்பாகவும் இருந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

போட்டியில் பணிமனை ஜெயித்தது. இழுத்துப் பறித்து, திணறித் திணறித்தான், ஆனால் ஜெயித்தது. தபால்காரர்கள் கோட்டைத் தாண்டி வந்து மொத்தமாக விழுந்தார்கள். டயர் அண்ணன் நாற்காலி மேல் ஏறி அறிவியலின் வளர்ச்சி பற்றிப் பேசினார். அவள் கைதட்டினாள், உதட்டை இறுகக் கடித்துக்கொண்டு.

மறுவாரம் தபால் நிலையத்தில் பார்சல் பிரிவைப் பார்க்கிறவர் கடைக்கு வந்தார். அவர்தான் அந்த அணித் தலைவர். விழுந்ததில் கிழிந்த பேண்ட்டைக் கொடுத்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"அந்தப் பட்டை எங்க கிடைக்கும் மேடம்? உங்க கடையிலதான்னு கேள்விப்பட்டேன்."

போட்டி முடிந்தாகிவிட்டது. வாக்கு முடிந்தது. அணை உடைந்த மாதிரி கொட்டினாள். "அது ஜட்டி எலாஸ்டிக் சார். அதுவும் செத்த எலாஸ்டிக். குப்பையில போட வெச்சிருந்தேன்."

பார்சல்காரர் புன்னகைத்தார். "பரவாயில்லை. உங்க வீட்டுக்காரரை விட்டுக்குடுக்க மனசு வரலை. நியாயம்தான்."

"இல்லைங்க, சத்தியமா." இழுப்பறையைத் திறந்து, ஆல்டரேஷனுக்கு வந்திருந்த ஒரு ஜட்டியை எடுத்து அவர் மூக்குக்கு முன்னால் விரித்துக் காட்டினாள். "பாருங்க. இதே பட்டை."

"மேடம், நான் படிச்சவன்" என்றார் அவர், மனம் புண்பட்டவராக. "இப்படி அசிங்கப்படுத்த வேண்டாம். முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லலாம்." கிழிந்த பேண்ட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு போயே போய்விட்டார்.

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வாழ்நாளில் யாரும் அவளைத் திட்டாமல் இருந்ததில்லை. நம்பாமல் இருந்ததுமில்லை. குழந்தையாக இருந்தபோது ஜாடியை உடைத்தது யார் என்று வீட்டில் அவளைத்தான் கேட்பார்கள், அவளே உடைத்திருந்தாலும்.

கடையைச் சாத்திவிட்டு, ஜட்டியும் கையுமாக நேரே பணிமனைக்குப் போனாள். சாப்பாட்டு நேரம். எட்டுப் பேரும் ஒரே மேசையில் இருந்தார்கள். கணவர் அவளைப் பார்த்ததும் நாற்காலியில் கொஞ்சம் சரிந்தார்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. உங்க கையில இருக்கிறது வெளிநாட்டுச் சரக்கு இல்லை. இதுதான்." ஜட்டியை உயர்த்திப் பிடித்தாள். "இதோட இடுப்புப் பட்டை. நான் தச்சது."

எட்டு ஜோடிக் கண்கள் ஜட்டியைப் பார்த்தன, பிறகு அவரவர் முழங்கையைப் பார்த்தன. டயர் அண்ணன் மெதுவாக எழுந்தார். முகத்தில் மரியாதை பொங்கி வழிந்தது.

"பார்சல்காரன் உங்க கடைக்கு வந்தானா?"

"வந்தாரு."

"அவன்கிட்ட இதைத்தான் சொன்னீங்களா?"

"ஆமா."

"பிரமாதம்!" அவர் மேசையைத் தட்டினார். "பொய்யே சொல்லாத அக்கா, நம்ம டீமுக்காகப் பொய் சொல்லியிருக்காங்க! ஜட்டியாம்! யாருக்கு வரும் இந்த மூளை!"

எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஸ்டோர் கீப்பர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவள் என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள். சொல்லச் சொல்ல அவர்கள் இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

வீட்டில் கணவர் தன் அக்காவின் போனை ஒப்புக்கொண்டபடி எடுத்து, "ம்" கொட்டிக்கொண்டே பாத்திரம் துலக்கினார். போனை வைத்ததும் அவள் கேட்டாள்.

"உங்களுக்கு மட்டும் அது என்னன்னு தெரியுமே. உங்களுக்கு எப்படி வலி போச்சு?"

"போகலை. இருந்துச்சு. ஆனா அதைக் கண்டுக்கணும்னு தோணலை." பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தார். "நீதானே வலிக்காதுன்னு சொன்னே."

"அது உங்களைத் துரத்துறதுக்குச் சொன்னது."

"எனக்கெப்படித் தெரியும்? நீ சும்மா ஒண்ணு சொல்ற ஆளா? பேண்ட் பத்தாதுன்னா பத்தாது. வலிக்காதுன்னா வலிக்காது."

முழங்கையில் சோப்பு நுரையோடு நின்ற அந்தப் பெரிய உடம்பை ஒருமுறை பார்த்தாள். "நகருங்க, துலக்குற லட்சணத்தைப் பாரு" என்று பாத்திரத்தை வாங்கிக்கொண்டாள்.

அடுத்த வருடம் போட்டி நெருங்கும்போது பார்சல்காரர் மறுபடி வந்தார், குனிந்து ஜாக்கிரதையாக.

"ஜட்டி எலாஸ்டிக்தான் சார். தைக்கணும்னா தைக்கிறேன்" என்றாள், தலை நிமிராமல்.

அவர் கண்ணடித்தார். "அதேதான். எட்டு."

"சாம்பல் தீர்ந்துபோச்சு. கறுப்புதான் இருக்கு."

"கறுப்புன்னா பவர் கூடவா?"

"கறுப்புன்னா அழுக்கு தெரியாது."

அவர் அதையும் ஏதோ சங்கேதம் என்று எடுத்துக்கொண்டு போனார்.

பணிமனை அணி அந்த வருடம் முற்றத்துப் பக்கமே வரவில்லை. பட்டை இருக்கும்போது பயிற்சி எதற்கு? பழுதான பேருந்து துருப்பிடித்துக் கிடந்தது, டயர் அண்ணனுக்குத் தொப்பை முன்னால் நடந்தது. தபால்காரர்களோ கறுப்புப் பட்டை வந்த உற்சாகத்தில் தினமும் பார்சல் வண்டியை இழுத்துப் பழகினார்கள். போட்டியில் கயிறு கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது. பிறகு அசைந்தது, ஒரே பக்கமாக.

மண் ஒட்டிய முகங்களோடு எட்டுப் பேரும் நேரே அவள் கடைக்கு வந்தார்கள். அறையில் இடமில்லாமல் பாதிப் பேர் வெளியே நின்றார்கள்.

"அவங்களுக்கு மட்டும் கறுப்பு குடுத்துட்டீங்களே அக்கா" என்றார் டயர் அண்ணன். திட்டவில்லை, அழாத குறைதான்.

"கறுப்பும் இல்லை, வெளுப்பும் இல்லை. அவங்க தினம் இழுத்தாங்க. நீங்க தினம் தூங்குனீங்க. தோத்தீங்க."

யாரும் மறுக்கவில்லை. யோசித்தார்கள். கணவர் கூரையைப் பார்த்தார். ஸ்டோர் கீப்பர் மெல்லத் தொண்டையைக் கனைத்தார்.

"அக்கா, என் வீட்ல இதை வெந்நீர்ல போட்டுத் துவைச்சுட்டாங்க. துவைக்கலாமா?"

அவள் பட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். மேலே சுற்றியிருந்த துணி வெளுத்துப்போயிருந்தது.

"வெந்நீர் கூடாது. பச்சைத் தண்ணியில அலசி நிழல்ல போடுங்க. சாயம் போயிடும்" என்றாள். அதுவும் உண்மைதான்.

ஸ்டோர் கீப்பர் திரும்பி மற்ற ஏழு பேரையும் பார்த்தார். தோற்றதற்குக் காரணம் கிடைத்துவிட்ட மாதிரி எல்லோரும் ஒன்றாகத் தலையாட்டினார்கள்.