ஐஎன்ஜி சேராத சொற்கள்

அந்தப் பெண்ணின் முகத்தை நான் பார்த்ததே இல்லை. ஐந்து மாதம், தினமும் சாயங்காலம் நான்கு மணிக்கு இருபது நிமிடம் போனில் பேசினோம். அதுவும் இங்கிலீஷில்.

நான் குமுளியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸ். சக்குபள்ளத்தில் ஏலத்தோட்ட வேலை பார்த்த அப்பாவும் அம்மாவும் ஒருவர் பின் ஒருவராகப் போய்விட்ட பிறகு, மசாலாக் கடை ஒன்றின் மாடியில் அறை எடுத்துத் தங்கினேன். முப்பத்தாறு வயது. கூடப்பிறந்தவர்கள் இல்லை. வெளிநாட்டு வேலைக்கு இங்கிலீஷ் பரீட்சை தேற வேண்டும் என்பதால் ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தேன். டீச்சர் மலையாளி. பேசிப் பழகுவதற்காக எங்களை இரண்டிரண்டு பேராகச் சேர்த்துவிட்டார். எனக்கு வாய்த்தது எலப்புள்ளி என்ற ஊரில் இருந்த ஒரு பெண். என்னைவிட ஏழெட்டு வயது இளையவள். கணவன் இங்கிலாந்தில், அவனோடு போய்ச் சேர அவளுக்கும் ஒரு பரீட்சை இருந்தது.

இங்கிலீஷ் முட்டும்போதெல்லாம் இருவரும் மலையாளத்துக்குத் தாவினோம். அவள் என்னை சேச்சி என்றாள். நான் அவளை மலையாளி என்று நினைத்தேன், அவளும் என்னை அப்படித்தான் நினைத்திருந்தாள்.

அந்த வாரப் பாடம், ஐஎன்ஜி சேர்க்கக்கூடாத வினைச்சொற்கள். ஹேவ், நோ, வான்ட், லவ், நீட், பிலாங். இவையெல்லாம் செய்யும் வேலை இல்லை, இருக்கும் நிலை. இப்போது நடந்துகொண்டிருக்கிறது என்று இவற்றைச் சொல்ல முடியாது என்றார் டீச்சர். அவளுக்கு அது பிடிபடவில்லை. எல்லாவற்றையும் ஐஎன்ஜியில் கொண்டுபோய் முடிப்பாள்.

"ஐ ஆம் ஹேவிங் டூ கௌஸ்" என்றாள் ஒருநாள்.

அப்படிச் சொன்னால் இரண்டு மாட்டையும் உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கிறேன் என்று அர்த்தம் வந்துவிடும் என்று மலையாளத்தில் விளக்கினேன். கோபித்துக்கொண்டாளோ என்று பயந்தேன். பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள். என் அறையில் சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது.

இரண்டு வாரம் கழித்து, இந்தச் சொற்களை வைத்து நாலு வாக்கியம் சொல்லச் சொன்னேன். நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"ஐ ஹேவ் எ ஹஸ்பண்ட். ஐ நோ ஹிஸ் வாய்ஸ். ஐ டோன்ட் நோ ஹிம்." கடைசியாக, "ஐ டோன்ட் வான்ட் டு கோ."

"கரெக்ட்! வெரி குட்" என்றேன். நாலு வாக்கியத்திலும் ஒரு ஐஎன்ஜிகூட இல்லை. சொல்லி முடித்த பிறகுதான் எதற்கு வெரி குட் சொன்னேன் என்று எனக்கு உறைத்தது.

அப்போது அவள் பக்கம் ஒரு வயதான குரல் கேட்டது. "ஏம்புள்ள, யாருகிட்டப் பேசிட்டிருக்கறே?"

"கிளாஸுங்க அத்தை. பரிச்சைக்குப் படிக்கறனுங்க."

"நீங்க தமிழா?" என்று கத்திவிட்டேன்.

"ஏனுங்க, நீங்களுமா?"

"ஆமா, எங்க அப்பா அம்மால்லாம் ஏலத்தோட்டத்துல இருந்தவங்க."

"அடக் கடவுளே! இத்தன நாளா ரெண்டு பேரும் மலையாளத்துல மல்லுக்கட்டிட்டு இருந்தமேங்க."

அன்றிலிருந்து சேச்சி போய் அக்கா ஆனேன். பாடமும் சுலபமானது. "எனக்கு உங்களத் தெரிஞ்சிக்கிட்டு இருக்குன்னு சொல்வீங்களா?" என்று கேட்டேன். "சொல்லமாட்டனுங்க. தெரியும்னுதான் சொல்லுவேன்" என்றாள். "அவ்வளவுதான். இங்கிலீஷ் 'நோ'வும் அப்படித்தான்." நம் தெரியும், வேண்டும் எல்லாம் அதே சாதிச் சொற்கள் என்பது அதுவரை எனக்கும் தோன்றியதில்லை.

ஆனால் தமிழில் பேசத் தொடங்கியபின் அவள் மாட்டைப் பற்றியும் வெயிலைப் பற்றியும்தான் பேசினாள். போக இஷ்டமில்லை என்றீர்களே என்று ஒருநாள் மெல்ல எடுத்தேன். "போய்த்தான ஆகோணுங்கக்கா" என்று முடித்துவிட்டாள். மறுநாள் அவளே தாழ்ந்த குரலில் சொன்னாள்: "அக்கா, நாம இங்கிலீஷ்லயே பேசலாமுங்களா? தமிழ்ல பேசுனா அத்தைக்குப் புரிஞ்சுருதுங்க."

அத்தை என்றது அவள் மாமியாரை. அதன்பின் அந்த இருபது நிமிடமும் எங்களுக்கே எங்களுக்காக ஆனது. கல்யாணம் முடிந்த இருபதாம் நாள் கிளம்பிப் போனவன் ஆறு வருடத்தில் இரண்டு முறைதான் வந்தானாம். வந்தபோதும் உறவுக்காரர் வீடுகளுக்குப் போய்வரவே நாள் சரியாகிவிட்டதாம். நானும் யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். காய்ச்சலில் மூன்று நாள் படுத்துக் கிடந்து எழுந்தபோது, டூட்டிக்கு ஏன் வரவில்லை என்பதைத் தவிர யாரும் எதுவும் கேட்கவில்லை என்று. "ஐ அண்டர்ஸ்டாண்ட்" என்றாள். அந்த இங்கிலீஷ் சொல் ஒருவருக்கு இவ்வளவு ஆறுதல் தரும் என்று எந்த வகுப்பிலும் சொல்லித்தரவில்லை.

அவள் பரீட்சையில் தேறினாள். என்னால்தான் தேறியதாகத் திரும்பத் திரும்பச் சொன்னாள். விசா வந்ததும் மாடுகளை விற்றார்கள். கிளம்பும் நாளில் விமான நிலையத்திலிருந்து கூப்பிட்டாள். சுற்றிலும் இரைச்சல். "பயமா இருக்குதுங்கக்கா" என்றாள், தமிழில். அத்தை பக்கத்தில் இல்லை போலிருக்கிறது. "போயிட்டு பேசுங்க, நான் இருக்கேன்" என்றேன். முதல் மாதம் இரண்டு முறை பேசினாள். ஒரு கடையில் வேலை கிடைத்திருக்கிறது, வீட்டுக்காரர் நல்ல மாதிரிதான், கொஞ்சம் கொஞ்சமாகப் பழகுகிறோம் என்றாள். எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. அதன்பின் பண்டிகைக்கு ஒரு வாழ்த்துப் படம் வந்தது. பிறகு அதுவும் இல்லை.

என் பரீட்சையில் நான் பேச்சில் தேறி எழுத்தில் தோற்றேன். டீச்சர் வேறு ஒருவரை ஜோடி சேர்த்துவிட்டார். அவர் கேள்வியை வாசிப்பார், நான் பதிலை வாசிப்பேன், வைத்துவிடுவோம். இப்போது டூட்டி இல்லாத சாயங்காலங்களில் பஸ் ஸ்டாண்டுக்கு இறங்கிப் போய், தமிழ்நாட்டுக்குப் போகும் கம்பம் பஸ் நிற்கும் இடத்தில் ஒரு டீ வாங்கிக்கொண்டு நிற்கிறேன். ஏறுகிறவர்கள் ஒருவரையொருவர் தமிழில் கூப்பிட்டு இடம் பிடித்துக் கொடுப்பார்கள். பஸ் மலையிறங்கிப் போகும்வரை நின்றுவிட்டு அறைக்குத் திரும்புவேன்.